4 மணி நேர ஃப்ளைட்... 26 மணி நேரப் பயணம்!

திருவாடானை பஸ் ஸ்டாண்டில் நின்று, "துபாய் எவ்வளவு தூரம்ணே?"னு யாரையாவது கேட்டுப் பாருங்க. கிலோமீட்டர்ல பதில் வரவே வராது. "நாலு மணி நேரம்தான் தம்பி!" சரி, சிங்கப்பூர்? "அதுவும் நாலு மணி நேரம்தான்!"

எங்க ஏரியாவுல இது சகஜம். ஊர்ல ரயில் நிலையம் கிடையாது. ஆனா, எங்க தெருவில் வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் இருக்கு. மதுரைக்குப் போய் வர்றதைப் பத்திப் பேசுற அதே குரல்லதான் துபாயைப் பத்தியும் பேசுவோம். நானும் அப்படியே பேசித் திரிந்தவன்தான். போன வருஷம் மாசி மாசம், ஒரு காலை நேரத்துல, அந்த 'நாலு மணி நேரம்' எங்க வீட்டில் என்ன பண்ணிச்சுன்னு சொல்றேன். அப்புறம் கொஞ்சம் கணக்கு. 'ஐயோ, கணக்கா!'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க ப்ளீஸ்... இது உங்க வீட்டுக்கும் தேவைப்படுற கணக்கு!

தப்புக் கணக்கு

காலை 6.10. அப்பத்தா இறந்துட்டாங்க. எங்க அப்பா ஷார்ஜா பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் வெல்டர். எங்க பக்கத்து வழக்கப்படி அப்பனுக்குத் தலைப்பிள்ளை, ஆத்தாவுக்குக் கடைசிப்பிள்ளை கொள்ளி வைக்கணும். அப்பத்தாவுக்கு எங்க அப்பாதான் கடைசிப்பிள்ளை.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "நீதான் இன்ஜினீயருக்குப் படிக்கிறியே... உங்கப்பன் எத்தனை மணிக்கு வந்து சேருவான், பார்த்துச் சொல்லு!" செல்போனை எடுத்தேன். 'துபாய் - மதுரை, சுமார் 2,950 கி.மீ., 4 மணி நேரம் 10 நிமிடம்'னு வந்துச்சு. மனசுக்குள்ள ஒரு கூட்டல் போட்டு, கெத்தா சொன்னேன்: "சாயங்காலம் நாலு மணிக்குள்ள வந்துருவாங்க பெரியப்பா."

அந்த ஒரு வரியை வைத்துதான் எல்லா ஏற்பாடும் நடந்தது. '5 மணிக்கு எடுக்குறோம்'னு சென்னை, திருப்பூர் சொந்தக்காரங்க எல்லாருக்கும் தகவல் போச்சு. "சாயங்காலமே எடுத்துருவோம்ல, எதுக்கு ஃப்ரீசர் பெட்டி?"னு அதையும் சொல்லலை.

மத்தியானம் முக்கால் மணிக்கு அப்பா லைன்ல வந்தார். "பாஸ்போர்ட் இப்பத்தான் கைக்கு வந்துச்சு. மதுரை ஃப்ளைட் போயிருச்சு. ராத்திரி 11 மணிக்கு திருச்சி ஃப்ளைட்லதான் சீட்டு." ஓடிப்போய் ஃப்ரீசர் பெட்டி கேட்டோம். அது ஏற்கெனவே வேற ஊருக்குப் போயிருந்தது. வெயில் வேற. பெரியவங்க உட்கார்ந்து பேசி, 'சொன்ன நேரத்துக்கே எடுத்துரலாம்'னு முடிவு பண்ணினாங்க.

சாயங்காலம் 5.20-க்கு ஒரு கார் வந்து நின்னுச்சு. இறங்கினவர், சிங்கப்பூரில் வேலை பார்க்கிற எங்க அத்தை வீட்டுக்காரர். மருமகன் வந்துட்டார். மகன் வரலை. பெரியப்பாதான் கொள்ளி வைத்தார். அப்பா வந்து சேர்ந்தது மறுநாள் காலை 8.30-க்கு. பால் தெளிக்கத்தான் அவரால் முடிந்தது.

"ஏன், பெட்டி சொல்லலையா?" - வாசலில் நின்று அப்பா கேட்ட முதல் கேள்வி. யாரும் பதில் சொல்லலை. நான் உள்ளே போய்ட்டேன்.

இரண்டே இரண்டு பயணம். ஒண்ணு கிழக்கே இருந்து, இன்னொண்ணு மேற்கே இருந்து. தூரம் கிட்டத்தட்ட ஒண்ணு. ஃப்ளைட் பறந்த நேரமும் ஒண்ணு. ஆனா மாமாவுக்கு 11 மணி 10 நிமிஷம், அப்பாவுக்கு 26 மணி 20 நிமிஷம். எங்கேடா இடிக்குதுன்னு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாங்க, நீங்களும் கூடவே போடுங்க.

பித்தாகரஸ் போதும் பாஸ்!

விமான தூரத்தைக் கண்டுபிடிக்க வெப்சைட்டே வேண்டாம். அட்ச ரேகை, தீர்க்க ரேகை தெரிந்தால் போதும். மதுரை விமான நிலையம் 9.83 டிகிரி வடக்கு, 78.09 டிகிரி கிழக்கு. துபாய் 25.25 வடக்கு, 55.36 கிழக்கு.

வடக்கு - தெற்கு வித்தியாசம் 15.42 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ. ஆக, 1,712 கி.மீ. கிழக்கு - மேற்கு வித்தியாசம் 22.73 டிகிரி. இங்கே ஒரு சின்ன சூட்சுமம். தீர்க்க ரேகைகள் துருவத்தை நெருங்க நெருங்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும். அதனால் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் அட்ச ரேகையோட (17.5 டிகிரி) காஸ் மதிப்பு, அதாவது 0.954-ஆல் பெருக்கணும். வருவது 2,407 கி.மீ. இப்போ எட்டாம் வகுப்பு பித்தாகரஸ் தேற்றத்தைப் போடுங்க. கர்ணம், சுமார் 2,950 கி.மீ. செல்போன் சொன்ன அதே விடை!

இதே மாதிரி போட்டால் துபாய் - திருச்சி சுமார் 2,940 கி.மீ., சிங்கப்பூர் - திருச்சி சுமார் 2,980 கி.மீ. திருவாடானையையே நடுவில் வைத்துப் பார்த்தேன். மேற்கே துபாய் சுமார் 3,020; கிழக்கே சிங்கப்பூர் சுமார் 2,930. வித்தியாசம் 100 கி.மீ. கூட இல்லை. எங்க ஊர்க்காரங்க பிழைக்கப் போன இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட நட்ட நடுவில்தான் எங்க ஊர் இருக்கு!

ஒரு எச்சரிக்கை: இந்த பித்தாகரஸ் வித்தை சில ஆயிரம் கி.மீ. வரைக்கும்தான். பெங்களூரு - சான் பிரான்சிஸ்கோ மாதிரி உலகத்தையே பாதி சுற்றுகிற தூரத்துக்கு இது பலிக்காது. ஒரு ஆரஞ்சுப் பழத்தில் இரண்டு புள்ளி வைத்து, நடுவில் நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க. அந்த நூல் போகும் வழிதான் மிகக் குறுகிய வழி. மேப்பில் அது வளைவாத் தெரியும். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டி வந்த ஏர் இந்தியா விமானம், சான் பிரான்சிஸ்கோவில் இருந்து பெங்களூருக்கு வட துருவம் வழியாகப் பறந்தது இந்த நூல் கணக்கை நம்பித்தான்.

840-ல் பறக்கும்... 700-தான் தேறும்!

சரி, தூரம் கிடைச்சாச்சு. நேரம்? போயிங் 737, ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானங்கள் உச்சத்தில் மணிக்குச் சுமார் 840 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2,940-ஐ 840-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஆனா அப்பாவோட டிக்கெட்டில் 4 மணி 10 நிமிஷம். மீதி 40 நிமிஷம்?

டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு அசைந்ததில் இருந்து, சேருமிடத்தில் போய் நிற்கிற வரைக்குமான நேரம். ரன்வே வரைக்கும் ஊர்ந்து போகணும், வரிசையில் நிக்கணும், மேலே ஏறணும், இறங்கும்போது வேகத்தைக் குறைத்து, திரும்பி, ரன்வேக்கு நேராக வரணும். இதெல்லாம் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 705 கி.மீ.தான். குறைந்த தூரம் என்றால் இன்னும் மோசம். ஏறி முடிக்கிறதுக்குள்ள இறங்க ஆரம்பிச்சுடும்!

காற்று யார் பக்கம்?

துபாய் போகும் நேரமும் வரும் நேரமும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது. காரணம், காற்று. குளிர்காலத்தில் வட இந்தியா, வளைகுடா பக்கம் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' என்கிற வேகக் காற்று வீசும். துபாயில் இருந்து வர்றவங்களுக்கு அது முதுகில் தள்ளிவிடும். போறவங்களுக்கு முகத்தில் அடிக்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கதை தலைகீழ். தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கில் இருந்து மேற்காக இன்னொரு வேகக் காற்று ஓடும். அதை 1950-களில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம்ம நாட்டு வானிலை விஞ்ஞானி பி.கோட்டீஸ்வரம்.

காற்று எவ்வளவு பெரிய ஆளுன்னு தெரியணுமா? 2016-ல் ஏர் இந்தியா தன் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தை, சுமார் 13,900 கி.மீ. அட்லான்டிக் வழியில் இருந்து, சுமார் 15,300 கி.மீ. பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் 1,400 கி.மீ. கூடுச்சு. நேரமோ கிட்டத்தட்ட 2 மணி குறைஞ்சுச்சு! தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்றவன் என்னை மாதிரி மாட்டிக்குவான்.

கடிகாரம் பண்ணும் கலாட்டா

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புற ஊர்க் கணக்கு. சேரும் நேரம் சேருற ஊர்க் கணக்கு. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

மாமா டிக்கெட்டில் 'சிங்கப்பூர் 12.20, திருச்சி 2.00'. பார்த்தால் ஒரு மணி 40 நிமிஷம்! அப்பா டிக்கெட்டில் 'துபாய் இரவு 11.00, திருச்சி காலை 4.40'. பார்த்தால் ஐந்து மணி 40 நிமிஷம்! கடிகாரத்தைச் சரி பண்ணினால் இரண்டுமே 4 மணி 10 நிமிஷம்.

இதிலும் நான் சொதப்பினேன். "11 மணிக்கு ஃப்ளைட்"னு அப்பா சொன்னது அந்த ஊர் 11. நம்ம ஊரில் அது 12.30. நான் பதினொண்ணு கூட்டல் நாலுன்னு போட்டு, "மூணு மணிக்கெல்லாம் ஏர்போர்ட்ல இருக்கணும்"னு சொல்ல, பெரியப்பா மகன் காரை எடுத்துட்டுப் போய் திருச்சி ஏர்போர்ட் வாசலில் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு நின்னான்.

மீதி 22 மணி நேரம் எங்கே போச்சு?

இப்பத்தான் மெயின் மேட்டர். அப்பாவோட 26 மணி 20 நிமிஷத்தைப் பிரித்துப் போட்டேன். எல்லாம் நம்ம ஊர் நேரத்தில்...

காலை 6.10 - 6.40: தகவல் போய்ச் சேர. (30 நிமிஷம்)

6.40 - 12.30: பாஸ்போர்ட் கைக்கு வர. (5 மணி 50 நிமிஷம்)

12.30 - நள்ளிரவு 12.30: டிக்கெட் எடுத்து, அடுத்த ஃப்ளைட்டுக்குக் காத்திருக்க. (12 மணி)

12.30 - 4.40: ஃப்ளைட். (4 மணி 10 நிமிஷம்)

4.40 - 5.30: இமிக்ரேஷன், பெட்டி. (50 நிமிஷம்)

5.30 - 8.30: திருச்சியில் இருந்து திருவாடானைக்குச் சுமார் 130 கி.மீ. ரோடு. (3 மணி)

மொத்த நேரத்தில் ஃப்ளைட்டின் பங்கு 16 சதவிகிதம்தான். நான் அந்தப் பதினாறை மட்டும் பார்த்துட்டு நூறுக்கும் நேரம் சொல்லியிருக்கேன்! சுமார் 3,100 கி.மீ. தூரத்தை 26.3 மணி நேரத்தால் வகுத்தால், அப்பாவோட உண்மையான வேகம் மணிக்கு 118 கி.மீ. அவர் உட்கார்ந்திருந்த விமானம் 840-ல் பறந்துச்சு. அவர் வந்தது 118-ல்.

பாஸ்போர்ட்டுக்கு ஏன் ஆறு மணி நேரம்? அது கம்பெனி ஆபீஸ் பெட்டகத்தில் இருந்தது. தகவல் போனப்போ அங்கே விடிகாலை 5.10. ஆபீஸ் திறந்தது 8 மணிக்கு. சாவி வைத்திருந்தவர் வந்தது அதுக்கப்புறம். கைக்கு வந்தப்போ அங்கே மணி 11. மதுரைக்கான நேர் ஃப்ளைட் 10 மணிக்கே கிளம்பிடுச்சு. 8 மணிக்குக் கிடைச்சிருந்தால் அதைப் பிடித்து, சாயங்காலம் 6.45-க்கு வீட்டு வாசலில் இருந்திருப்பார். மூணு மணி நேரத் தாமதம், வீடு வந்து சேரும்போது 14 மணி நேரமா வளர்ந்துடுச்சு. ஃப்ளைட் நம்ம டவுன் பஸ் மாதிரி இல்லைங்க, விட்டா பின்னாலயே இன்னொண்ணு வர்றதுக்கு! மாமாவுக்கு எல்லாம் சரியா அமைஞ்சது எதனால? பாஸ்போர்ட் அவர் ரூம் அலமாரியில் இருந்தது. அவ்வளவுதான்.

இதில் ஊர் சமாச்சாரமும் ஒண்ணு இருக்கு. மதுரைக்கு முதல் வெளிநாட்டு விமானம் வந்ததே 2012-ல்தான், கொழும்புக்கு. எந்த நாட்டு விமானம் இங்கே எந்த ஊரில் இறங்கலாம்னு நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம் உண்டு. வளைகுடா, சிங்கப்பூர் விமான நிறுவனங்கள் இறங்கும் பட்டியலில் மதுரையையும் சேர்க்கச் சொல்லி தென் மாவட்டங்களில் ரொம்ப வருஷமா கோரிக்கை இருக்கு. ஃப்ளைட் கூடினால் காத்திருக்கிற நேரம் குறையும். அந்த 12 மணி நேரத்தை வேற எதாலயும் குறைக்க முடியாது.

126 கி.மீ... சைக்கிள் வேகம்!

கணக்குப் போடும்போது கண்ணில் பட்ட ஒரு ஆச்சர்யம். மதுரை விமான நிலையம், திருவாடானை, யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் - இந்த மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அட்ச ரேகையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கு! திருவாடானையில் இருந்து நேர் கிழக்கே 126 கி.மீ. போனால் பலாலி. பலாலியில் இருந்து சென்னைக்குப் பயணிகள் விமானம் 2019-ல் தொடங்கியது. திருச்சி - யாழ்ப்பாணம் சேவை 2025 மார்ச்சில் ஆரம்பித்தது. அதில் ஏறுவதாக வைத்துக்கொண்டால்... திருச்சிக்கு ரோட்டில் 3 மணி நேரம், ஏர்போர்ட்டில் 3 மணி நேரம், ஃப்ளைட் ஒரு மணி நேரம், வெளியே வர ஒரு மணி நேரம். ஆக 8 மணி நேரம். 126-ஐ 8-ஆல் வகுங்க. மணிக்கு 16 கி.மீ. கடல் மட்டும் இல்லைன்னா சைக்கிளிலேயே மிதிச்சுடலாம்!

உங்க வீட்டுக் கணக்கு

உங்க வீட்டிலும் யாராவது கடல் தாண்டி இருக்காங்களா? இன்னிக்கு ராத்திரி போன் பேசும்போது இதையெல்லாம் கேட்டு எழுதி வைங்க.

ஒண்ணு: பாஸ்போர்ட் யார் கையில் இருக்கு? ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழிலாளியோட பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாதுன்னு விதியே இருக்கு. கேட்டு வாங்கச் சொல்லுங்க.

ரெண்டு: நாட்டை விட்டுக் கிளம்ப வேற அனுமதி வேணுமா? சவுதியில் 'எக்ஸிட் ரீ-என்ட்ரி' விசா இல்லாமல் கிளம்பினால் திரும்பப் போக முடியாது.

மூணு: லீவு எத்தனை நாள்? 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, பெற்றோர் இறந்தால் சம்பளத்தோடு 3 நாள் லீவு உண்டு. அதில் ஒரு நாளுக்கு மேல் பயணத்திலேயே போயிடும்.

நாலு: மதுரை, திருச்சி, சென்னை - மூணுக்கும் எந்தெந்த நேரத்தில் ஃப்ளைட் இருக்கு? நம்ம ஊர் நேரத்துக்கு மாத்தி எழுதுங்க.

அஞ்சு: இதையெல்லாம் கூட்டி, வாசலில் இருந்து வாசல் வரைக்குமான ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடிங்க. யாராவது "எத்தனை மணிக்கு வருவான்?"னு கேட்டால் அந்த எண்ணை மட்டும் சொல்லுங்க.

அப்பத்தா காரியம் முடிஞ்சு அப்பா திரும்பக் கிளம்புற அன்னிக்குத்தான், 'நாலு மணின்னு சொன்னது நான்தாம்ப்பா'னு அவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "பதினாலு வருஷமா நானும் எல்லார்கிட்டயும் நாலு மணி நேரம்னுதாண்டா சொல்லிட்டிருந்தேன்"னார்.

போன வாரம் போன் பண்ணினார். கம்பெனியில் பேசி பாஸ்போர்ட்டை வாங்கி ரூமிலேயே வெச்சுக்கிட்டாராம். "இப்ப எத்தனை மணி நேரம்டா ஆகும்?"னு கேட்டார்.

போட்டுப் பார்த்துச் சொன்னேன். "மதுரை ஃப்ளைட் கிடைச்சா 12 மணி 35 நிமிஷம்ப்பா."

"எழுதி ஒட்டி வை"ன்னார். பீரோ கதவில் ஒட்டியிருக்கேன்.